பழைய டர்போ கார் ஏன் மலிவு? ஒரு பயத்தின் வரலாறு

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் திருத்தி, எழுத்து வடிவில் தருகிறேன்.)

இந்த வாரம் கார் எபிசோட். புது கார் ரிவ்யூ இல்லை, பழைய கார். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை: பழைய டர்போ பெட்ரோல் கார்.

"தினமும் ஆபீஸ் போகணும், ஓட்டவும் ஜாலியா இருக்கணும், பட்ஜெட் நாலஞ்சு லட்சம். பழைய டர்போ பெட்ரோல் எடுக்கலாமா?" இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கேட்கிறவங்கள்ல பாதிப்பேர் கேள்வியோட பதிலையும் சேர்த்தே அனுப்பிடுறாங்க: "எங்க மெக்கானிக் அண்ணன் வேண்டவே வேண்டாம்னு சொல்றார்."

மெக்கானிக் அண்ணன் சும்மா சொல்லலை. அந்த பயத்துக்கு அறுபது வருஷ வரலாறு இருக்கு. பழைய கார் சந்தையில விலை குறையறதுக்கு முக்கியமான காரணமே பயம்தான். எட்டு லட்சத்துக்கு விற்ற கார் பத்து வருஷத்துல மூணு லட்சத்துக்கு வருதுன்னா, அந்த வித்தியாசத்துல ஒரு பகுதி தேய்மானம், இன்னொரு பகுதி பயம். அந்த பயத்துல எது காலாவதி ஆனது, எது இன்னைக்கும் உண்மை? இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு நல்ல கார் மலிவா கிடைக்கும். தெரியாதவங்களுக்கு மலிவான கார் விலை உயர்ந்த பாடமா மாறும். இந்த எபிசோட் அந்தப் பிரிப்புக்காகத்தான்.

வீணாகப் போகும் புகை

முதல்ல அடிப்படை. என்ஜினுக்குள்ள பெட்ரோல் எரியுது. அந்த சக்தியில சக்கரத்துக்குப் போறது கொஞ்சம்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையா சைலன்சர் வழியா வெளியே போயிடுது. போற வழியில ஒரு சின்ன விசிறியை வச்சா அது சுத்தும். அதே தண்டோட மறுமுனையில இன்னொரு விசிறி. அது வெளிக்காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். காத்து அதிகமா போனா பெட்ரோலும் அதிகமா எரிக்கலாம், சக்தியும் அதிகம். வீணாகப் போன புகையே வேலைக்காரனாகிடுது. டர்போன்னா இவ்வளவுதான்.

யோசனை ரொம்பப் பழசு. ஆல்ஃபிரட் பியூஹி என்ற ஸ்விட்சர்லாந்து பொறியாளர் 1905-லேயே இதுக்கு காப்புரிமை வாங்கினார். ஆனா நடைமுறைக்கு வர இருபது வருஷம் ஆச்சு. 1920-களில் ஜெர்மனியின் 'ப்ரொய்சன்', 'ஹன்சஸ்டாட் டான்சிக்' என்ற இரண்டு பயணிகள் கப்பல்களின் டீசல் என்ஜின்களில் இதைப் பொருத்தினார்கள். 1750 குதிரைத்திறன் கொடுத்த என்ஜின் 2500 கொடுத்தது.

அதுக்கு முன்னாடியே, 1918-ல், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபர்ட் மாஸ் ஒரு வேலை பார்த்தார். லிபர்ட்டி என்ற விமான என்ஜினை லாரியில ஏத்தி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போனார். 4300 மீட்டர் உயரம். அங்கே காத்து மெலிசு, என்ஜின் மூச்சு வாங்கும். டர்போ போட்டதும் தரைமட்டத்துல கொடுத்த சக்தியை அங்கேயும் கொடுத்தது. ஊட்டி மலை ஏறும்போது சாதாரண கார் கொஞ்சம் திணற, டர்போ கார் அலட்டிக்காம போகுதே, அதுக்கான காரணத்தை நிரூபிச்சது அந்த மலை உச்சி சோதனைதான்.

கப்பலுக்கு ஆச்சு, விமானத்துக்கு ஆச்சு. நாம ஓட்டுற காருக்கு வந்தப்பதான் பிரச்சினை ஆரம்பிச்சது.

பாட்டில் தீர்ந்தால் கதை முடிந்தது

1962. ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே வசந்த காலத்தில் இரண்டு டர்போ கார்களைச் சந்தைக்கு விட்டது: ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரலே கார்வேர் மோன்சா ஸ்பைடர். சாதாரண ஆள் ஷோரூமில் போய் வாங்கக்கூடிய முதல் டர்போ கார்கள் இவைதான்.

ஜெட்ஃபயர் கதை ரொம்ப சுவாரஸ்யம். 3.5 லிட்டர் வி8 என்ஜின், 215 குதிரைத்திறன். கம்ப்ரஷன் விகிதம் 10.25-க்கு 1. டர்போ இல்லாத என்ஜினுக்கே இது அந்தக் காலத்துல உயர்ந்த எண். இங்கே டர்போ வேற காத்தை அமுக்கித் தள்ளுது. அமுக்கின காத்து சூடாகும். ஸ்பார்க் வந்த பிறகு, தீ பரவி வந்து சேர்றதுக்கு முன்னாடியே மீதிக் கலவை தானா வெடிக்கும். இதைத்தான் 'நாக்கிங்'னு சொல்றோம். சுத்தியலால உள்ளே தட்டுற மாதிரி சத்தம் வரும். விட்டா பிஸ்டன் போயிடும்.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச தீர்வு: தனியா ஒரு தொட்டியில தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம். பேரு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'. பேரை வச்சே நாலு கார் விற்றிருப்பாங்க! அழுத்தம் ஏறும்போது இந்தத் திரவம் காத்தோட சேர்ந்து உள்ளே போய் சூட்டைத் தணிக்கும். பொறியியலா பார்த்தா அழகான தீர்வு. ஆனா அந்தத் தொட்டியை நிரப்ப வேண்டியது கார் உரிமையாளர். நிறைய பேர் நிரப்பவே இல்லை. தீர்ந்துபோனா என்ஜினைக் காப்பாத்த ஒரு வால்வு டர்போவை அடக்கிடும், காரும் சோம்பேறியாகிடும். "காசு கொடுத்து வாங்கின வேகம் எங்கே?"ன்னு கேட்டுக்கிட்டு டீலர்கிட்ட வந்தாங்க.

இரண்டே வருஷம். பத்தாயிரம் கார்கூட தயாரிக்கலை. 1965-ல் நிறுவனமே உரிமையாளர்களைக் கூப்பிட்டு, டர்போவைக் கழட்டிட்டு சாதாரண கார்புரேட்டரைப் போட்டுத் தர முன்வந்தது.

நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. எங்க துறையில இதுக்கு ஒரு பாடம் உண்டு: பயன்படுத்துறவர் மேனுவலைப் படிப்பார்னு நம்பி எதையும் வடிவமைக்காதே. ஜெட்ஃபயர்ல டர்போ தோற்கலை. தினசரி ஓட்டுற மனுஷனோட பழக்கத்தைக் கணக்கில் எடுக்காத வடிவமைப்பு தோற்றது. "டர்போன்னா தொல்லை" என்ற பேச்சுக்கு முதல் விதை இங்கேதான் விழுந்தது.

தப்பான நேரத்தில் வந்த கார்

அடுத்து ஜெர்மனி. 1973 ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ '2002 டர்போ'வைக் காட்டியது. இரண்டு லிட்டர் என்ஜின், 170 குதிரைத்திறன். முன்பக்கத்தில் 'டர்போ' என்ற எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி எழுதியிருந்தார்கள். முன்னாடி போறவர் ரியர்வியூ கண்ணாடியில படிச்சுட்டு வழி விடணுமாம்! ஜெர்மனியில இதுக்கு கடும் எதிர்ப்பு.

அந்த அக்டோபரிலேயே அரபு–இஸ்ரேல் போர், எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் வாங்க வரிசையில் நிற்கும் ஊரில் இந்தக் காரை யார் வாங்குவார்? 1672 கார்களோடு நிறுத்திவிட்டார்கள். காரிலேயும் ஒரு பிரச்சினை இருந்தது. மிதிச்சா முதல்ல ஒண்ணும் நடக்காது. என்ஜின் வேகம் ஏறினதும் ஒரேயடியா பின்னாடி இருந்து யாரோ தள்ளின மாதிரி இருக்கும். வளைவுல இது நடந்தா ஓட்டுறவர் பாடு திண்டாட்டம். டர்போ லேக் என்று நாம இன்னைக்கு சாதாரணமா சொல்ற வார்த்தை, அப்போ பயமுறுத்தற அனுபவம். போர்ஷே 1974-ல் காட்டிய 911 டர்போவும் இதே குணத்தால்தான் புகழும் கெட்ட பேரும் ஒண்ணா சம்பாதிச்சது.

ஆக, எழுபதுகளின் நடுவில் டர்போ காருக்கு மூணு பட்டங்கள்: தொல்லை, பெட்ரோல் குடிக்கும், ஆபத்து.

ஏழை நிறுவனத்தின் புத்திசாலித்தனம்

இந்த மூணையும் உடைச்சது ஸ்வீடனின் சாப். இந்தக் கதையோட மையமே இதுதான்.

சாப் விமானம் தயாரிக்கிற பாரம்பரியத்தில் வந்த சின்ன கார் நிறுவனம். அவங்ககிட்ட இருந்தது நாலு சிலிண்டர், இரண்டு லிட்டர் என்ஜின் ஒண்ணு. பிரிட்டனின் ட்ரையம்ஃப் நிறுவனத்திடமிருந்து வந்த வடிவமைப்பை வாங்கி மாற்றியமைத்தது. பெரிய கார் வாங்குறவங்க ஆறு சிலிண்டர் கேட்டாங்க. புதுசா ஆறு சிலிண்டர் என்ஜின் உருவாக்க காசு இல்லை. ஆனா 1969-லேயே சாப், ஸ்கேனியா லாரி நிறுவனத்தோடு இணைந்திருந்தது. லாரி டீசல் என்ஜினுக்கு டர்போ போட்டு ஊறிப்போன ஆட்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தாங்க.

பெர் யில்பிராண்ட் என்ற பொறியாளர் இந்த முயற்சியின் முகமாக அறியப்படுகிறார். அங்கே அவருக்குச் செல்லப் பெயரே 'டர்போ'வோட சேர்ந்துதான். அவருடைய குழு கேட்ட கேள்வி மற்றவங்க கேட்டதிலிருந்து வேற. "அதிகபட்ச வேகத்தை எப்படிக் கூட்டலாம்?" என்று அவங்க கேட்கலை. "மலைப்பாதையில ஒரு லாரியை முந்தணும்னா, அந்த நேரத்துல சக்தி எப்படிக் கிடைக்கும்?" என்று கேட்டாங்க. பெரிய டர்போவுக்குப் பதில் சின்ன டர்போ. சின்னதா இருந்தா சீக்கிரம் சுத்த ஆரம்பிக்கும், லேக் குறையும். அளவுக்கு மீறி சுத்தாம இருக்க 'வேஸ்ட்கேட்' என்ற கதவு. அழுத்தம் போதும்னதும் புகையில ஒரு பகுதியை விசிறிக்குப் போகாம வெளியே திருப்பி விடும். நம்ம பிரஷர் குக்கர் வெயிட் செய்யற வேலைதான்.

1977-ல் வந்த சாப் 99 டர்போ 145 குதிரைத்திறன் கொடுத்தது. எண்ணைப் பார்த்தா பி.எம்.டபிள்யூவை விட குறைவு. ஆனா தினமும் ஓட்டலாம். குழந்தைகளைப் பள்ளியில விட்டுட்டு, பனியில ஆபீஸ் போய், சனிக்கிழமை காய்கறி வாங்கிட்டு வரலாம். டர்போ 'டெய்லி டிரைவர்' ஆனது இங்கேதான்.

அடுத்த படி இன்னும் முக்கியம். எண்பதுகளின் தொடக்கத்தில் சாப் கொண்டுவந்த ஏ.பி.சி. என்ற கட்டுப்பாட்டு அமைப்பு. என்ஜின் மேல ஒரு சென்சார், அது ஒரு காது மாதிரி. நாக்கிங் சத்தம் கேட்ட உடனே மின்னணுப் பெட்டி வேஸ்ட்கேட்டைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். சத்தம் நின்றால் மறுபடி ஏற்றும். நல்ல பெட்ரோல் போட்டா முழு சக்தி, மட்டமான பெட்ரோல் போட்டா கொஞ்சம் குறைவு, ஆனா என்ஜின் பத்திரம். ஜெட்ஃபயர்ல தொட்டியை நிரப்ப வேண்டிய மனுஷனோட பொறுப்பை, இருபது வருஷம் கழிச்சு ஒரு ஃபீட்பேக் லூப் எடுத்துக்கிச்சு. எனக்கு டர்போ வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

சாப் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலானது. ஆனா இன்னைக்கு ஓடுற ஒவ்வொரு டர்போ பெட்ரோல் காரிலேயும் அந்த யோசனை உயிரோட இருக்கு.

டீசலுக்கு வந்தா அண்ணன் தைரியமா இருப்பார்

இங்கே ஒரு வேடிக்கை. நம்ம ஊர் மெக்கானிக் டர்போவைப் பார்த்தே பயப்படறதில்லை. டர்போ பெட்ரோலைத்தான் பார்த்து பயப்படறார்.

1978-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.டி. டர்போ டீசலை சாதாரண காருக்குக் கொண்டுவந்தது. நம்ம நாட்டில் 2007-ல் ஸ்விஃப்ட் டீசல் வந்த பிறகு டர்போ வீட்டுக்கு வீடு வந்துடுச்சு. டாக்ஸி, கல்யாண வீட்டு வேன், லாரி, எல்லாத்திலேயும் டர்போ. நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரி ஊர்கள்ல டர்போவைப் பிரிச்சு மாட்டுறது அன்றாட வேலை. அப்புறம் பெட்ரோலுக்கு மட்டும் என்ன தயக்கம்?

ஒரு நியாயமான காரணம் உண்டு: சூடு. பெட்ரோல் என்ஜினோட புகை டீசலை விட அதிக சூடு, முழு வேகத்தில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல சுத்தும். அதைத் தாங்கிப் பிடிக்கிறது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். வேகமா ஓட்டிட்டு வந்து உடனே ஆஃப் பண்ணினா, நின்னுபோன ஆயில் அந்தச் சூட்டுல கருகி, அடிப்பிடிச்ச பால் மாதிரி உள்ளே ஒட்டிக்கும். எண்பதுகளின் பல டர்போக்கள் செத்தது இப்படித்தான். பிறகு பேரிங் வீட்டைச் சுத்தி தண்ணீர் ஓட விட்டாங்க, சிந்தெட்டிக் ஆயில் வந்தது, பிரச்சினை பெருமளவு அடங்கிடுச்சு. ஆனா ஆயிலை நேரத்துக்கு மாத்தாத காருக்கு எந்தக் கண்டுபிடிப்பும் உதவாது. மெக்கானிக் அண்ணனோட பயத்துல இன்னைக்கும் உண்மையா இருக்கிற பகுதி இதுதான்.

ஒரு பட்ஜெட் வரி வரைந்த கோடு

நம்ம ஊர்ல டர்போ பெட்ரோல் காருக்கான ரசிகர் கூட்டம் பெரும்பாலும் 2004-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்-ல இருந்து ஆரம்பிக்குது. 1.8 லிட்டர், 150 குதிரைத்திறன். ஆனா அது வசதியானவங்க கார். நடுத்தர வர்க்கத்துக்கு டர்போ பெட்ரோல் வந்த கதை வேற. அதுக்கு ஒரு முக்கியக் காரணம், நம்ப மாட்டீங்க, வரி.

2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் என்ன? நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள். பின்னால் கலால் போய் ஜிஎஸ்டி வந்தது, விகிதங்கள் பலமுறை மாறியது. 2025 செப்டம்பரில் மறுபடி மாறியது. ஆனா அந்த 1200 சிசி, நாலு மீட்டர் கோடு அப்படியே நிற்குது.

இப்போ ஒரு பொறியாளரா யோசிங்க. என்ஜின் அளவைக் கூட்டினா வரி எகிறும். சக்தி வேணும். என்ன வழி? டர்போ. ஐரோப்பாவில் புகை விதிகளுக்காகச் செய்த சின்ன டர்போ என்ஜின்கள் நம்ம வரிக் கோட்டுக்குள்ள அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

2013-ல் இரண்டு கார்கள். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். அடுத்து நம்ம மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட்: மூணு சிலிண்டர், ஒரே ஒரு லிட்டர், 125 குதிரைத்திறன். அந்த என்ஜின் பிளாக் ஏ4 காகிதத்தின் மேல் அடங்கும் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. உலகின் சிறந்த என்ஜின் விருதை 2012 முதல் மூணு வருஷம் தொடர்ந்து வாங்கியது. 2017-ல் மாருதியும் பலேனோ ஆர்.எஸ். என்று ஒரு லிட்டர் டர்போவோடு வந்தது. கோட்டுக்கு வெளியே, 2010-ல் வந்த ஃபியட் லீனியா டி-ஜெட்: 1.4 லிட்டர், 114 குதிரைத்திறன்.

இன்னைக்கு பழைய டர்போ பெட்ரோல்னு தேடினா பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் கண்ணில் படும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பயம்

லீனியா டி-ஜெட் மலிவா கிடைக்கக் காரணம், ஃபியட் கார்கள் இந்தியச் சந்தையை விட்டே போயிடுச்சு. என்ஜின் பலசாலி. அதோட பாகங்களைவிட கதவுக் கைப்பிடி, ஹெட்லைட், உள் அலங்காரப் பாகங்கள் தேடறதுதான் கஷ்டம். முதல்ல வந்த கார்கள் இப்போ பதினஞ்சு வருஷத்தைத் தொட்டாச்சு. அதாவது பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ஆகிவிட்டது. தகுதிச் சோதனையும் உண்டு. வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி. தேதியைப் பாருங்க.

போலோவுக்கு பயம் டர்போவே இல்லை, டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ். அந்த ஏழு கியர், உலர் கிளட்ச் வகைப் பெட்டி உலகம் முழுக்க பேர் கெட்டது. சீனாவில் 2013-ல் அரசுத் தொலைக்காட்சி இதைப் போட்டு உடைத்த பிறகு சுமார் 3.84 லட்சம் கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது. ஊர்ந்து போற டிராஃபிக்ல உலர் கிளட்ச் சூடாகும், தேயும். நம்ம ஊர் சாலையில இது கற்பனை பயம் இல்லை. மேனுவல் கியர்தான் வேணும்னா 2020-ல் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவைத் தேடணும். ஆனா 2022-ல் போலோ நின்னதுக்குப் பிறகு அதுக்கு பயம் குறைஞ்சு மோகம் கூடிப்போச்சு, விலையும்தான்.

ஈகோஸ்போர்ட் விஷயம் நமக்கு நெருக்கமானது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேலை போனது. அவங்க கையால தயாரான கார்கள் இன்னும் நம்ம ரோட்டுல ஓடுது. அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்களும் இங்கிருந்து கப்பலேறியவைதான். ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட்ல கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட். வழக்கமா வெளியே உலர்ந்து ஓடுற பெல்ட், இதுல ஆயிலுக்குள்ள ஓடுது. ஆயில் தப்பா இருந்தாலோ, மாத்தாம விட்டாலோ பெல்ட்டின் ரப்பர் உதிரும், உதிர்ந்தது ஆயில் பம்ப்பின் வழியை அடைக்கும். பிரிட்டனில் ஃபோர்டு சொன்ன ஆயுள் பத்து வருஷம். அமெரிக்காவில் இதே என்ஜினின் ஆயில் பம்ப் பெல்ட்டுக்காக 1 லட்சத்து 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை, ஈகோஸ்போர்ட் உட்பட, திரும்ப அழைத்தார்கள். ஆக 2013 கார் 40 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு விற்கிறவர் பெருமையா சொன்னா, அது நல்ல செய்தி மட்டும் இல்லை. ரப்பருக்கு ஓடோமீட்டர் தெரியாது, காலண்டர்தான் தெரியும். பெல்ட் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா அந்தச் செலவை விலையில கழிச்சுக்கிட்டு பேசுங்க.

பலேனோ ஆர்.எஸ். இந்தக் கூட்டத்துல சாது. மேனுவல் கியர், மாருதி சர்வீஸ். அதிகம் விற்கலை, 2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது காணாமப் போச்சு. கிடைச்சா நல்லது, கிடைக்கிறதுதான் கஷ்டம்.

பார்க்கப் போகும்போது

மூணு வருஷமா நானும் ஒரு பழைய டர்போ ஹேட்ச்பேக்தான் ஓட்டறேன். வாங்கறதுக்கு முன்னாடி பதினோரு கார் பார்த்தேன். அதுல கத்துக்கிட்ட வரிசை இது.

ஒண்ணு, கார் குளிர்ந்து இருக்கும்போது போங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே விற்கிறவர் ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா, ஏன்னு கேளுங்க. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. காரணம் டர்போ சீலா இருக்கலாம், என்ஜினே தேய்ஞ்சிருக்கலாம். இரண்டுமே செலவு.

இரண்டு, ஆயில் பில்கள். கிலோமீட்டரைவிட, எத்தனை மாசத்துக்கு ஒருமுறை ஆயில் மாத்தினாங்க, எந்த கிரேடு போட்டாங்க என்பதுதான் டர்போ காரோட ஜாதகம். பில் இல்லாத காரை நான் பார்த்துட்டு அப்படியே திரும்பிடுவேன்.

மூணு, மூணாவது கியரில குறைந்த வேகத்திலிருந்து முழுசா மிதிச்சுப் பாருங்க. சக்தி ஒரே சீரா ஏறணும். பாதியில வெட்டினாலோ, 'உஸ்ஸ்'னு காத்துப் போற சத்தம் வந்தாலோ, இன்டர்கூலர் ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம். இது பயமுறுத்தும், ஆனா பெரும்பாலும் சின்னச் செலவு. பேரம் பேச நல்ல இடம். சைரன் மாதிரி கீச்சுக் குரல் வந்தா டர்போ பேரிங், அது பெரிய செலவு.

நாலு, இ.சி.யூ. ரீமேப் பண்ணின காரா? மென்பொருளை மாத்தி அழுத்தத்தைக் கூட்டறது டர்போ காருக்கு ரொம்ப சுலபம். செய்தவர் அந்தச் சக்தியை அனுபவிச்சிருப்பார், தேய்மானத்தை உங்களுக்கு விட்டுட்டுப் போவார்.

ஐந்து, வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல் இரண்டையும் நினைவில் வச்சுக்கோங்க. சீட் பெல்ட்டை முழுசா கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. மண் கோடு தெரிஞ்சா வாசலிலேயே வணக்கம் சொல்லிடுங்க.

இன்னொண்ணு பெட்ரோல். இப்போ பங்கில் வர்ற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95. நாக்கிங் விஷயத்துல டர்போவுக்கு நல்லதுதான். ஆனா 2023-க்கு முந்தைய பல கார்களின் ரப்பர் பாகங்கள் இவ்வளவு எத்தனாலுக்காக வடிவமைச்சது இல்லை. எரிபொருள் ஹோஸ்களையும் சீல்களையும் ஒருமுறை சோதிச்சுடுங்க. பழைய காருக்கு இது புதுசா சேர்ந்த செலவு.

கடைசிக் கணக்கு

என் கணக்கு ரொம்ப எளிது. கையில் இருக்கிற காசை முழுசா காருக்குக் கொடுக்காதீங்க. ஐந்து லட்சம் இருந்தா நாலு லட்சத்துக்குள்ள கார், மீதி ஒரு லட்சம் முதல் வருஷச் செலவுக்கு. ஆயில், கூலன்ட், பிளக், ஹோஸ், டயர், பேட்டரி, தேவைப்பட்டா பெல்ட். அந்த ஒரு லட்சம் ஒதுக்க முடியலைன்னா, இந்த வகைக் கார் இப்போ வேண்டாம். டர்போ இல்லாத, பாகம் தெருவுக்குத் தெரு கிடைக்கிற கார் எடுங்க. அதுல ஒரு அவமானமும் இல்லை. வீட்டுல ஒரே கார்தான், அப்பாவை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் அதே கார்தான்னா, நம்பகம்தான் முதல்ல. ஜாலி அப்புறம்.

அந்த ஒதுக்கீடு இருக்கிறவங்களுக்கு நான் தயங்காம சொல்வேன்: எடுங்க. ஓ.எம்.ஆர். மெட்ரோ வேலைக்கு நடுவுல ஊர்ந்து போகும்போது டர்போ இருக்கிறதே தெரியாது, உண்மைதான். ஆனா கேளம்பாக்கம் தாண்டி ரோடு கொஞ்சம் திறந்ததும், மூணாவது கியரில் மிதிக்கிற அந்த நாலு செகண்ட் இருக்கே, புது காரோட பெரிய தொடுதிரை அதைக் கொடுக்காது.

மெக்கானிக் அண்ணன்கிட்ட சண்டை போடாதீங்க. அவர் பயத்துல பாதி ஜெட்ஃபயர் காலத்துது. சாப் அதை எப்பவோ தீர்த்துடுச்சு. மறுபாதி ஆயிலைப் பத்தினது, பெல்ட்டைப் பத்தினது. அந்தப் பாதிக்கு அவர் சொல்றதைக் கேளுங்க. கார் பார்க்கப் போகும்போது அவரையே கூட்டிட்டுப் போங்க. டீ வாங்கிக் கொடுங்க.

அடுத்த எபிசோடில் கார் இல்லை, வேற ஒரு பழைய எந்திரம். நீங்க பழைய டர்போ வச்சிருந்தா, என்ன கார், எத்தனை வருஷம், பெரிய செலவு எது வந்ததுன்னு எழுதி அனுப்புங்க. நிறைய பதில் வந்தா அதையே தனி எபிசோடா போடலாம். அதுவரைக்கும் ஆயில் லெவலைப் பாருங்க.